கையெழுத்தில்லாத ஒரு பத்தி: வியட்நாம் இரண்டான கதை

1954 ஜூலை 20 நள்ளிரவுக்குள் இந்தோசீனாவில் போர் நிறுத்தத்தை முடித்துக் காட்டுவேன், இல்லையென்றால் பதவியை விட்டுப் போய்விடுவேன் என்று பிரெஞ்சுப் பிரதமர் பியேர் மென்தேஸ் பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். ஜெனீவாவில் பேச்சு இழுத்துக்கொண்டே போய் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. மண்டபத்துக் கடிகாரத்தை நிறுத்தி வைத்தார்கள். 21-ஆம் தேதி விடிவதற்கு முன்னால் போட்ட கையெழுத்துக்கு, 'ஜூலை 20, 24 மணி' என்று தேதி குறித்தார்கள். முன்தேதி போடும் பழக்கம் நம்முடைய அலுவலகங்களில்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும் என் பழைய சகாக்களுக்கு இது ஒரு ஆறுதல்.

அந்த மென்தேஸ் பிரான்ஸின் ஆட்சியில்தான், அடுத்த மூன்று மாதத்தில், கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரே கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையில் பிரான்ஸ் ஆசியாவில் கடையை மூடியது. நமக்கு அது சத்தமில்லாமல் முடிந்தது. வியட்நாமுக்கு அப்படி இல்லை. அங்கே நாட்டின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோடு அழிய 21 வருடம் ஆயிற்று.

வியட்நாம் போர் என்றால் நம்மவர்களுக்கு அமெரிக்கா, நாபாம் குண்டு, சினிமா. புதுச்சேரியில் கொஞ்சம் வயதானவர்களுக்கு மட்டும் அது சைகோன். நம்மூரில் பல வீட்டுச் சுவரில் சைகோனில் எடுத்த படம் தொங்கியது. 1881-ஆம் வருட ஆணைப்படி சொந்தச் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயரும் வைத்துக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்களிலிருந்து சுங்கம், காவல், தபால், சிறை, கலங்கரை விளக்கம் என்று எல்லாத் துறைக்கும் ஆட்கள் கொச்சின்சீனாவுக்குப் போனார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். சைகோன் நடுவில் இன்றும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாம்காரர்களே போய் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொச்சின்சீனாவில் நம்மவர்கள் வாக்குச்சீட்டு உள்ள பிரெஞ்சுக் குடிமக்கள். மண்ணின் மைந்தனான வியட்நாம்காரனுக்கோ அந்த உரிமை இல்லை. வரி கேட்டுப் போனவர், சிறைக்கதவைப் பூட்டியவர் பல சமயம் கறுப்பாக, நம் முகஜாடையில் இருந்தார். அவர்கள் நம்மை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அதிகம் பேசியதில்லை.

அந்த நாடு இரண்டாவது அதுதான் முதல் தடவை என்றும் நினைக்க வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் வடக்கே திரின் வம்சம், தெற்கே நுயென் வம்சம் என்று பிரிந்து, 1627 முதல் 1672 வரை விட்டு விட்டுச் சண்டை போட்டார்கள். இருவரும் ஒரே லே அரசருக்கு விசுவாசம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் ஸியான் ஆற்றை எல்லையாக வைத்துக்கொண்டு நூறு வருடம் தனித்தனியாக வாழ்ந்தார்கள். ஜெனீவாவில் போட்ட கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே ஓடும் ஆறுதான் அது.

இதில் நம்மூர் சம்பந்தம் ஒன்று உண்டு. பிஞ்ஞோ த பெஹேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே நடத்திய குருமடத்தைக் காப்பாற்ற முடியாமல் 1770-ல் அதை நம் வீராம்பட்டினத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே உட்கார்ந்துதான் அன்னாமிய-இலத்தீன் அகராதி தொகுத்தார். 1771-ல் தைசோன் சகோதரர்கள் எழுந்தார்கள். நுயென் வம்சம் சிதறியது. தப்பிப் பிழைத்த இளவரசர் நுயென் ஆன் தன் மகனைப் பாதிரியாரிடம் ஒப்படைத்து உதவி கேட்டு அனுப்பினார். 1785-ல் ஐந்து வயதுப் பிள்ளை கான் புதுச்சேரியில் வந்து இறங்கினான். இங்கே அதிகாரிகள் கை விரித்தார்கள். பாதிரியார் பையனை வெர்சாய் அரண்மனை வரை அழைத்துப் போய் 1787-ல் ஒப்பந்தமே வாங்கி வந்தார். புதுச்சேரி ஆளுநர் கான்வே அதையும் நிறைவேற்ற மறுத்துவிட்டார். பாதிரியார் தாமே பணம் திரட்டி, ஆளும் கப்பலும் சேர்த்து 1789-ல் திரும்பினார். நுயென் ஆன் ஜெயித்து 1802-ல் ஸியா லோங் என்ற பெயரில் முழு நாட்டுக்கும் பேரரசரானார். உள்நாட்டுச் சண்டையில் ஜெயிக்க வெளியாளை அழைத்தவர் என்று அவரைப் பிற்காலத்துக் கம்யூனிஸ்ட் சரித்திர ஆசிரியர்கள் திட்டித் தீர்த்தார்கள். அவர்களும் வெளியாள் இல்லாமல் சண்டை போடவில்லை என்பது வேறு விஷயம்.

இனி 1945-க்கு வருகிறேன். ஜப்பான் சரணடைந்த கையோடு, செப்டம்பர் 2-ஆம் தேதி ஹனோயில் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் வாசித்தார். ஜப்பானியரிடம் ஆயுதம் வாங்க 16-ஆவது அட்சக் கோட்டுக்கு வடக்கே சியாங் கை ஷேக்கின் சீனப் படையும், தெற்கே பிரிட்டிஷ் படையும் வந்தன. பிரிட்டிஷ் படை என்றால் யார்? ஜெனரல் கிரேசியின் தலைமையில் இந்திய ராணுவத்தின் 20-ஆவது டிவிஷன். நம் நாட்டு ஜவான்களைக் காவல் நிறுத்தித்தான் சைகோனில் பிரெஞ்சுக்காரர்களை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சரணடைந்த ஜப்பானியப் படையையும் அதற்கே பயன்படுத்தினார்கள். நேரு அப்போதே இதைக் கண்டித்தார். 1946 நவம்பரில் பிரெஞ்சுக் கப்பல் பீரங்கிகள் ஹைபோங் துறைமுக நகரைச் சுட்டன. டிசம்பர் 19-ல் ஹனோயில் போர் மூண்டது.

இது விடுதலைப் போர்தானே, உள்நாட்டுப் போர் எங்கே வந்தது என்று கேட்கலாம். பள்ளியில் நாங்கள் படித்த பிரெஞ்சுப் புத்தகங்களிலும் இரண்டு தரப்புதான்: பிரான்ஸ் ஒருபுறம், வியட்மின் மறுபுறம். ஆனால் ஆள் கணக்கைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

பிரான்ஸ் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த தன் பையன்களை இந்தோசீனாவுக்கு அனுப்பவில்லை. தொழில்முறைச் சிப்பாய்கள், அந்நியர் படையணி, மொரோக்கோ, அல்ஜீரியா, செனகல்காரர்கள், நம்மூர் சொல்தாக்கள் என்று கலவையாக அனுப்பியது. அதுவும் போதவில்லை. 1949-ல் பழைய பேரரசர் பாவ் தாயைத் திரும்ப அழைத்து 'வியட்நாம் அரசு' என்று ஒன்றை அமைத்து, அதற்குத் தேசியப் படையும் சேர்த்தார்கள். ஜெனரல் த லாத்ர் 1951-ல் அதை வேகப்படுத்தினார். அந்தக் கொள்கைக்குப் பிரெஞ்சில் வைத்த பெயர் ஜோனிஸ்மான். தமிழில் சொன்னால் 'மஞ்சளாக்குதல்'. மஞ்சள் நிறத்து மனிதனை முன்னால் நிறுத்துவது என்று பொருள். கேட்கவே கூசுகிறது, ஆனால் அரசாங்க வட்டாரத்தில் சாதாரணமாகப் புழங்கிய சொல். பதினெட்டு வருடம் கழித்து நிக்சன் அதையே 'வியட்நாமியமயமாக்கல்' என்று நாகரிகமாகச் சொன்னார்.

1954-க்குள் அந்தத் தேசியப் படையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஆள் இருந்தார்கள். எல்லோரும் கூலிக்கு வந்தவர்கள் என்று வியட்மின் சொன்னது. சிலர் அப்படித்தான். ஆனால் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். ஹோவா ஹாவ், காவ் தாய் மதப் பிரிவினர் இருந்தார்கள். வியட்மின் கையில் அண்ணனையோ அப்பாவையோ பறிகொடுத்த தேசியவாதக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். சுதந்திரம் வேண்டும், ஆனால் கம்யூனிஸ்ட் கையால் வேண்டாம் என்பவர்கள். உள்நாட்டுப் போர் அமெரிக்கன் வந்து ஆரம்பித்தது இல்லை. 1949-லேயே, பிரெஞ்சுக் கொடியின் நிழலில் அது ஆரம்பித்துவிட்டது என்பது என் கணக்கு.

தியன் பியன் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹனோயிலிருந்து மேற்கே 300 கிலோமீட்டர் தள்ளி, லாவோஸ் எல்லையோரம் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. 1953 நவம்பர் 20-ல் பாராசூட் வீரர்கள் அங்கே இறங்கி விமானத் தளம் அமைத்தார்கள். எதிரியைச் சமவெளிக்கு வரவழைத்துப் பீரங்கியால் அழிப்பது ஜெனரல் நவாரின் திட்டம். அந்த மலையில் எதிரி பெரிய பீரங்கியை ஏற்றவே முடியாது என்று நம்பினார்கள். ஜெனரல் ஸியாப் ஏற்றினார். பீரங்கிகளைக் கயிறு கட்டி ஆள்களே இழுத்தார்கள். அரிசி சைக்கிளில் வந்தது; ஓட்டுவதற்கு இல்லை, கைப்பிடியில் மூங்கில் கட்டி, 200 கிலோவுக்கு மேல் மூட்டை ஏற்றித் தள்ளிக்கொண்டு வருவதற்கு. அவற்றில் பல பிரெஞ்சுப் பெழோ கம்பெனி சைக்கிள்கள் என்பது இன்னொரு வேடிக்கை. ஜனவரியிலேயே தாக்குவதாக இருந்ததை ஸியாப் கடைசி நேரத்தில் தள்ளிவைத்து, பீரங்கிகளைப் பின்னால் இழுத்து, மலைக்குள் குடைந்து வைக்கச் சொன்னார். தம் வாழ்நாளில் எடுத்த மிகக் கடினமான முடிவு அதுதான் என்று பின்னாளில் சொன்னார்.

மார்ச் 13 மாலையில் குண்டு விழ ஆரம்பித்தது. பிரெஞ்சுக் காவல் மேடுகளுக்குப் பெண் பெயர்கள்: பெயாத்ரிஸ், கப்ரியேல், ஆன்மரி, எலியான், இசபெல். பெயாத்ரிஸ் முதல் இரவே போயிற்று. கப்ரியேல் இரண்டு நாளில். எதிரியின் பீரங்கியை அடக்கிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்த பீரங்கிப் படைத் தலைவர் கர்னல் பிரோத், முன்பே ஒரு கையை இழந்தவர், தன் பதுங்கு குழியில் கையெறி குண்டால் உயிரை மாய்த்துக்கொண்டார். விமானத் தளம் மூடியது, காயம்பட்டவர்களை வெளியேற்ற வழியில்லை, மழை பிடித்துக்கொண்டது. மே 7-ல் எல்லாம் முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். பல நூறு கிலோமீட்டர் நடந்து முகாம்களுக்குப் போய், உயிரோடு திரும்பி வந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம்.

அந்தக் கோட்டைக்குள் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வியட்நாம்காரர். 5-ஆவது வியட்நாமியப் பாராசூட் பட்டாளம் முழுவதும் அவர்கள்தான். கைதான பிறகு மொரோக்கோக்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் திரும்பிப் போக ஒரு கப்பல் இருந்தது. இவர்களில் பெரும்பாலோர் என்ன ஆனார்கள் என்று பிரெஞ்சுப் பதிவேட்டில் இல்லை.

மறுநாள் மே 8-ல் ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு துவங்கியது. ஜெயித்த கையோடு வந்த பாம் வான் தோங் 13-ஆவது கோட்டைக் கேட்டார், பிறகு 16-க்கு வந்தார். மென்தேஸ் பிரான்ஸ் 18 என்றார். சோவியத் மந்திரி மொலோத்தோவ் 17 என்று முடித்தார். தேர்தல் ஆறு மாதத்தில் என்று வியட்மின் கேட்டதற்கு, இரண்டு வருடம் என்றும் அவரே சொன்னார். சீனாவின் சூ என் லாயும் அதற்குத்தான் தலையாட்டினார். மாஸ்கோவுக்கும் பீக்கிங்குக்கும் அப்போது வேறு கவலைகள் இருந்தன. தங்கள் தோழர்களே போர்க்களத்தில் வென்றதை மேஜையில் குறைத்துவிட்டார்கள் என்ற கசப்பு ஹனோயில் வெகுகாலம் இருந்தது.

எந்த ஒப்பந்தத்தைக் கண்டாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்ப்பது என் பழைய உத்தியோக புத்தி. ஜெனீவாவில் வியட்நாமைப் பற்றி உண்டானவை இரண்டு காகிதங்கள். ஒன்று போர் நிறுத்த உடன்பாடு. அதில் பிரெஞ்சு யூனியன் படைகளின் சார்பில் ஜெனரல் தெல்தேய், வியட்நாம் மக்கள் படையின் சார்பில் தா குவாங் பூ. இரண்டு ராணுவங்கள், அவ்வளவுதான். இரண்டாவது, மாநாட்டின் இறுதிப் பிரகடனம். 17-ஆவது கோடு தற்காலிகமானது, அதை அரசியல் எல்லையாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது இந்த இரண்டாவது காகிதம். 1956 ஜூலையில் நாடு முழுவதும் பொதுத் தேர்தல் என்று மாதம் குறித்ததும் இதுதான், அதன் 7-ஆவது பத்தியில். அதில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு தூதுக்குழுவாக வாயால் சம்மதம் சொன்னார்கள். அமெரிக்கா அதில் சேரவில்லை, தனி அறிக்கை படித்தது. பாவ் தாயின் வியட்நாம் அரசு எதிர்ப்பைப் பதிவு செய்தது.

ஆக, நாட்டைப் பிரித்த காகிதத்துக்குக் கையெழுத்து உண்டு. சேர்த்துவைப்பதற்குத் தேதி குறித்த காகிதத்துக்குக் கையெழுத்து இல்லை. உடன்பாட்டின் 14-ஆவது பிரிவில் பொதுத் தேர்தல் வரும் வரை என்று போகிற போக்கில் ஒரு குறிப்பு வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேர்தலை யார் நடத்துவது, எப்படி, நடத்தாவிட்டால் என்ன என்று எதுவும் இல்லை. ஒரு வாடகைப் பத்திரத்தைக் கூட நாம் இப்படி எழுத மாட்டோம்.

மேற்பார்வைக்கு ஒரு சர்வதேச ஆணையம்: இந்தியா தலைமை, போலந்தும் கனடாவும் உறுப்பினர்கள். மாநாட்டில் நமக்கு நாற்காலி இல்லாவிட்டாலும் கிருஷ்ண மேனன் ஜெனீவாவில் தங்கி எல்லாக் கதவையும் தட்டியவர். எம்.ஜே. தேசாய் ஆணையத்தின் முதல் தலைவர். பிறகு நம் சென்னைக்காரர் ஜி. பார்த்தசாரதி அந்த நாற்காலியில் இருந்தார். பார்க்கலாம், கேட்கலாம், அறிக்கை எழுதலாம். தடுக்க அதிகாரம் இல்லை. போலந்து ஒருபுறம் இழுக்கும், கனடா மறுபுறம் இழுக்கும். 1962-ல் இந்தியாவும் கனடாவும் சேர்ந்து எழுதிய சிறப்பு அறிக்கை, வடக்கு தெற்கில் கலகத்தைத் தூண்டுகிறது என்றும், தெற்கு அமெரிக்க ராணுவ உதவி வாங்கி உடன்பாட்டை மீறுகிறது என்றும் இரண்டையும் சொன்னது. நேர்மையான அறிக்கை. யாரும் கேட்கவில்லை.

மக்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்று 300 நாள் அவகாசம் கொடுத்தார்கள். வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெற்கே வந்தார்கள். பெரும்பான்மை கத்தோலிக்கர். பங்குக் குருவே முன்னால் நடக்க, ஊர் ஊராகக் கிளம்பி ஹைபோங்கில் பிரெஞ்சு, அமெரிக்கக் கப்பல் ஏறினார்கள். கன்னி மரியாளே தெற்கே போய்விட்டாள் என்று அமெரிக்க உளவுத்துறை துண்டறிக்கை போட்டது உண்மைதான். துண்டறிக்கை படித்துத்தான் அவ்வளவு பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பது. தெற்கிலிருந்து வியட்மின் வீரர்களும் குடும்பங்களுமாக லட்சம் பேர் அளவில் வடக்கே போனார்கள். இரண்டு விரலைக் காட்டி விடைபெற்றார்களாம். இரண்டு வருடத்தில் தேர்தல், திரும்பிவிடுவோம் என்று அர்த்தம். பல பேர் இளம் மனைவியைத் தெற்கிலேயே விட்டுப் போனார்கள்.

கோடு விழுந்த இடத்தில் பென் ஹாய் என்ற சிறிய ஆறு. அதன் மேல் ஹியன் லுவோங் பாலம், 178 மீட்டர் நீளம். (கீழூரில் 178 பேர், இங்கே 178 மீட்டர். எண்களோடு காலம் கழித்தவனுக்கு இதெல்லாம் கண்ணில் படும்.) சரிபாதி, 89 மீட்டர் இவர்களுக்கு, 89 அவர்களுக்கு. தெற்கு தன் பாதிக்கு ஒரு வண்ணம் அடித்தால், நாடு ஒன்றுதான் என்று காட்ட வடக்கும் அதே வண்ணம் அடிக்குமாம். உடனே தெற்கு வேறு வண்ணத்துக்கு மாறுமாம். இது வடக்குத் தரப்பு சொல்லும் கதை. கொடிக்கம்பத்தை யார் உயரமாக நடுவது என்று போட்டி. ஒலிபெருக்கியில் யார் சத்தம் அதிகம் என்று போட்டி. 1967-ல் குண்டு விழுந்து பாலம் உடைந்தது.

தெற்கில் பாவ் தாயின் பிரதமராக வந்தவர் ஙோ தின் தியம். கத்தோலிக்கர், திருமணம் செய்துகொள்ளாதவர், பிரெஞ்சுக்காரனையும் கம்யூனிஸ்டையும் ஒரே அளவில் வெறுத்தவர். அவரை அமெரிக்காவின் பொம்மை என்று எழுதிவிடுவது சுலபம். பொம்மையாக இருந்திருந்தால் அமெரிக்காவுக்கு அவ்வளவு தலைவலி கொடுத்திருக்க மாட்டார். 1955 அக்டோபர் 23-ல், கான் கடற்கரை மாளிகையில் சுகமாக இருந்த பாவ் தாயை நீக்க ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். தியத்துக்கு மங்கலமான சிவப்புச் சீட்டு, பாவ் தாய்க்குப் பச்சை. 60, 70 சதவீதம் போதும் என்று அமெரிக்க ஆலோசகர் சொல்லியும் கேட்காமல் 98.2 சதவீதம் வாங்கினார். சைகோன் நகரில் பதிவான வாக்காளர் நாலரை லட்சம். தியத்துக்கு விழுந்த வாக்கு ஆறு லட்சத்து ஐயாயிரம்.

கீழூர் வாக்கெடுப்பில் மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை, பிரதிநிதிகள்தான் போட்டார்கள் என்று குறை சொல்பவர்கள் நம்மூரில் இன்றும் உண்டு. அந்தக் குறை நியாயம்தான். ஆனால் அங்கே 170 பேர் ஆம் என்றார்கள், 8 பேர் இல்லை என்றார்கள், அந்த எட்டையும் எண்ணி எழுதினார்கள்.

நாங்கள் ஜெனீவாவில் கையெழுத்துப் போடவில்லை, வடக்கில் சுதந்திரமான தேர்தல் நடக்காது, ஆகவே தேர்தல் கிடையாது என்று தியம் சொல்லிவிட்டார். 1956 ஜூலை வந்தது, போனது. சண்டை நடந்த சமயத்தில் தேர்தல் வைத்திருந்தால் 80 சதவீதம் பேர் ஹோ சி மின்னுக்குப் போட்டிருப்பார்கள் என்று ஐசன்ஹோவரே பிற்பாடு எழுதினார். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் ஒப்பிட்டது பாவ் தாயோடு, தியத்தோடு இல்லை என்பதை விட்டுவிடுகிறார்கள்.

வடக்கில் சுதந்திரமான தேர்தல் நடக்காது என்று தியம் சொன்னது பொய் இல்லை. 1953 முதல் 1956 வரை அங்கே நிலச் சீர்திருத்தம் என்ற பெயரில் ஊருக்கு ஊர் மக்கள் நீதிமன்றம். இத்தனை சதவீதம் நிலக்கிழார் இருக்க வேண்டும் என்று மேலிருந்து கணக்கு வந்தது. கணக்குக்கு ஆள் பிடித்தார்கள். முதலில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் வியட்மினுக்குப் பணமும் தானியமும் அள்ளிக் கொடுத்த ஒரு பெண்மணி. அவருடைய பிள்ளைகள் அந்தப் படையிலேயே இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1956-ல் கட்சியே தவறு என்று ஒப்புக்கொண்டது. பொதுச் செயலாளர் த்ருவோங் சின் பதவி இறங்கினார். தவறுகளைப் பொதுமக்கள் முன் வாசித்தவர் தியன் பியன் பூ வீரர் ஸியாப். அந்த நவம்பரில் ஹோவின் சொந்த மாகாணமான ஙே ஆனில் விவசாயிகள் எழுந்தார்கள். ராணுவம் வந்து அடக்கியது. உலகத்தின் கண் அப்போது ஹங்கேரி மேல் இருந்தது.

தெற்கில் தியம் தன் பங்குக்குப் பழைய வியட்மின்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்தார். 1959-ன் 10/59 சட்டம் ராணுவ நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு இல்லாத மரண தண்டனை அதிகாரம் கொடுத்தது. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன கில்லட்டினை அதற்கு எடுத்தார்கள். சுதந்திர நாடு எதை எதையெல்லாம் வாரிசாகப் பெறுகிறது பாருங்கள். அதே வருடம் ஹனோய் ஆயுதப் போராட்டத்துக்குச் சம்மதித்தது. காட்டுப் பாதை வழியே முதலில் திரும்பி வந்தவர்கள் 1954-ல் இரண்டு விரல் காட்டிப் போன தெற்கத்திக்காரர்கள். 1960 டிசம்பர் 20-ல் தேசிய விடுதலை முன்னணி பிறந்தது.

1963 மே மாதம் ஹூவே நகரில் புத்த ஜெயந்தியன்று கொடி ஏற்றும் தகராறில் ஒன்பது உயிர் போனது. ஜூன் 11-ல் திச் குவாங் துக் என்ற முதிய பிக்கு சைகோன் நாற்சந்தியில் தீயில் அமர்ந்தார். நவம்பர் 1-ல் தளபதிகள் கவிழ்த்தார்கள். தியமும் தம்பி ஞூவும் தப்பி ஓடி, மறுநாள் காலை சோலோன் மாதா கோயில் ஒன்றிலிருந்து வெளியே வந்தார்கள்; ராணுவ வண்டிக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அன்று நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. டோங்கின் வளைகுடா, 1965-ல் டாநாங்கில் இறங்கிய அமெரிக்கக் கடற்படை வீரர்கள், ஐந்து லட்சத்தைத் தாண்டிய அமெரிக்கப் படை, 1968-ன் தேத் தாக்குதல், மீ லாய், 1973 பாரிஸ் உடன்பாடு. அமெரிக்கன் போன பிறகும் இரண்டு வருடம் சண்டை நடந்தது என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு வருடமும் சுட்டவனும் வியட்நாம்காரன், செத்தவனும் வியட்நாம்காரன். 1975 மார்ச் 10-ல் பன் மே துவோத் விழுந்தது, மாதக் கடைசியில் ஹூவேயும் டாநாங்கும், ஏப்ரல் 30-ல் சைகோன். சரணடைந்த கடைசி ஜனாதிபதி ஜெனரல் துவோங் வான் மின், 1963-ல் தியத்தைக் கவிழ்த்த அதே தளபதி.

அமெரிக்கர் 58,000-க்கு மேல் செத்தார்கள். ஒவ்வொரு பெயரும் வாஷிங்டன் சுவரில் இருக்கிறது. 1995-ல் ஹனோய் வெளியிட்ட கணக்கில் தங்கள் தரப்புப் போராளிகள் 11 லட்சம், இரு பகுதியிலும் பொதுமக்கள் 20 லட்சம். தெற்குப் படையில் மாண்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சைகோனுக்கு அருகே பியன் ஹோவாவில் அவர்களுடைய ராணுவக் கல்லறை 2006 வரை பட்டாளத்தின் பூட்டுக்குள் இருந்தது. உயிரோடிருந்தவர்களில் அதிகாரிகள் பல வருடம் 'மறுகல்வி' முகாமில் கழித்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் படகேறினார்கள்.

நம்மூர்ப் பக்கத்தையும் சொல்லி முடிக்கிறேன். சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்களோடு வியட்நாமிய மனைவிமாரும் வந்தார்கள். நெம் சுருட்டுவதை நம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா, மாதாமாதம் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கி வரும்போது, தன் கம்பெனியில் இருந்த வியட்நாம்காரர்கள் நாலு பேர் பெயரைச் சொல்லுவார். அவர்களுக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்பார். கேள்வி சரியானது. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட நம்மவருக்கு விலைவாசியோடு பென்ஷன் ஏறியது. காலனி போன நாடுகளின் குடிமக்களாகிவிட்ட பழைய சிப்பாய்களுக்கு 1950-களின் கடைசியில் வந்த சட்டங்கள் பென்ஷனை அப்படியே உறைய வைத்தன. பிரெஞ்சில் அதற்குப் பெயர் கிரிஸ்தாலிசாசியோன். கற்கண்டு மாதிரி இறுகிப்போவது. அதைச் சரிசெய்ய 2007-ம் அதற்குப் பின்னும் ஆயிற்று. அதற்குள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

வியட்நாமில் 1994-ல் 'வீரத் தாய்' என்று ஒரு பட்டம் ஏற்படுத்தினார்கள். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு. மாத உதவித்தொகையும் உண்டு. எத்தனை பிள்ளை இறந்திருக்க வேண்டும், ஒரே பிள்ளை என்றால் என்ன என்று விதிகள் இருக்கின்றன. தெற்கத்திக் குடும்பங்களில் ஒரு மகன் காட்டுக்கும் ஒரு மகன் சைகோன் படைக்கும் போன வீடுகள் ஏராளம். இருவரும் செத்திருந்தால் படிவத்தில் ஒரு மகனைத்தான் எழுத முடியும்.